நாற்பது மில்லி

பங்க் மூலையில், காற்றடிக்கும் குழாயை ஒட்டி
ஒரு ஆம்னி வேன். அதுதான் என் ஆபீஸ்.
கம்ப்யூட்டர், பிரின்டர்,
புகைக்குழாய்க்குள் விட ஒரு நீளக் கம்பி.
நூறடி ரோட்டில் போகிற வண்டிகளுக்கெல்லாம்
வாய் நாற்றம் பார்த்துச் சொல்கிற வேலை.
சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும்.

குணாளனின் வேகன் ஆர் வந்தால்
நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம்.
முதலில் புளித்த மாவின் வாசம்,
பின்னாலேயே நீலப் புகை.
சாலிகிராமத்திலிருந்து வளசரவாக்கம் வரை
விடியுமுன் கடை கடையாக
இட்லி மாவு போடுகிறவர்.
பின்சீட்டைக் கழற்றிவிட்ட இடத்தில்
மூடி போட்ட டப்புகள்.

கம்பியை விட்டேன்.
ஹைட்ரோகார்பன் ஆயிரத்து நூற்று நாற்பது.
எழுநூற்றைம்பதைத் தாண்டக் கூடாது.
"என்ன ஊத்துறீங்க?"

டேஷ்போர்டைத் திறந்தார்.
டூ-டி ஆயில், நாற்பது மில்லி சாஷே,
பெட்டிக்கடை ஷாம்பூ சரம் மாதிரி
பிய்க்காமல் பன்னிரண்டு.
"பத்து லிட்டருக்கு ஒண்ணு மேடம்.
இப்ப பெட்ரோல்ல என்னென்னமோ கலக்குறாங்களாம்,
வறண்ட பெட்ரோலு.
உள்ள கொஞ்சம் வழவழப்பு வேணாமா?
மாவுக்கு வெந்தயம் போடுறதில்லையா,
அந்த மாதிரி."

"வெந்தயம் கூடினா?"

"கசக்கும்."
சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது,
ஆட்டோ முதுகில்கூட எழுதியிருப்பார்கள்.
நான் சொல்லவில்லை.
பேனட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிக் காட்டினேன்.
உங்க வண்டிக்கு எண்ணெய் கீழே, தனி அறையில்.
தானே ஏறும், தானே இறங்கும்.
பழைய ஸ்கூட்டருக்குத்தான்
ஒரே தட்டில் சோறும் குழம்பும்.
காருக்கு வேறு வேறு பந்தி.
நீங்க ஊத்துறது பாதி எரிஞ்சு, பாதி எரியாம
பிளக்கில் கரியா உட்காருது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
பிறகுதான் சொன்னார்,
போன சித்திரையில் போரூர் சிக்னலில்
இன்ஜின் இறுகி நின்றதை.
முப்பத்தெட்டாயிரம்.
அன்றைக்கு வெயிலில்
நாற்பது கிலோ மாவும் பொங்கி
மூடியைத் தள்ளிக்கொண்டு
கியர் வரைக்கும் வழிந்ததாம்.
"சாஷே இருபது ரூபா மேடம்.
இருபது ரூபாய்க்கு எனக்குத் தூக்கம் வருது."

இதற்கு என் மெஷினில் கட்டம் இல்லை.
என் ஸ்கூட்டி எண்ணின் கூட்டுத்தொகை
எட்டு வரக் கூடாதென்று
ஆர்டிஓ ஆபீஸுக்கு மூன்று நாள் அலைந்தவள் நான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
சான்றும் தரவில்லை.
ரெண்டு டேங்க் சும்மா ஓட்டுங்க,
பிளக்கை மாத்துங்க, வாங்க.

பதினோராம் நாள் வந்தார்.
மாவு வாசம் மட்டும் வந்தது.
முந்நூற்றுப் பத்து.
கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சத்தம் கேக்குது மேடம்.
டிக் டிக்குனு, உள்ள.
மூணு மணிக்கு ரோட்டுல யாருமே இருக்க மாட்டாங்கல்ல,
அப்ப ரொம்பக் கேக்குது."

பேனட்டில் காதை வைத்தேன். சுட்டது.
அடுத்த வீட்டில் யாரோ
தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி
சீராக ஒரு சத்தம்.
வாங்கிய நாளிலிருந்து இருந்திருக்கும்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லையா என்றார்.
ஒன்றுமில்லை.

பிரின்டர் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருக்கும்போது
வண்டியை ஒரு சுற்று வந்தேன்.
முன் பம்பரில்,
எலுமிச்சை மிளகாய் கட்டுகிற இடத்தில்,
கறுப்புக் கயிற்றில்
பிரிக்காத ஒரு சாஷே.
லாரி போகிற காற்றில் ஆடியது.

"அது இருக்கலாமா மேடம்?"

என் கம்பி பின்பக்கம் மட்டும்தான் போகும்.
சான்றில் முத்திரை குத்தி
ஈரம் காய ஊதிக் கொடுத்தேன்.